கூவியவன் குற்றவாளியா?

நடுநிசி. தெருக் கோடியில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். எதிர்த் திண்ணையில் தூக்கம் வராமல் புரண்டு கொண்டிருந்த கிழவர் ஒருவர், "திருடன்! திருடன்!" என்று கூச்சல் போடுகிறார். தடியும் லாந்தருமாக ஓடி வந்தவர்கள் முதலில் யாரைச் சூழ்ந்து கொள்கிறார்கள்? கிழவரைத்தான். "ஊரே தூங்கும்போது உமக்கு மட்டும் என்ன ஐயா விழிப்பு? உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்று அவரையே குடைந்து எடுக்கிறார்கள். அதற்குள் திருடன் மூன்று தெரு தாண்டிப் போய்விடுகிறான்.

2018-ஆம் வருஷத்தின் கடைசி இரண்டு மாதங்களில் இப்படிப்பட்ட அபவாதம் ஒரு கணக்குப்பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. வேஷ்டி கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, காதில் பேனாக்கட்டையைச் செருகியிருக்கும் கணக்குப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இவர் கம்ப்யூட்டருக்குள்ளே குடியிருப்பவர். பெயர் எக்ஸ்ட்4.

கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்ட நினைக்கும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். கொஞ்சம் பொறுங்கள். இது யந்திரத்தின் கதை மட்டும் அல்ல. ஒரு குற்றம் நடந்தால் மனிதர்கள் எப்படி நடந்து கொள்கிறார்கள், உண்மை எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பற்றிய கதை. துப்பறியும் நாவலைப் படிக்கிறவர்களுக்கு இதில் ஏமாற்றம் இருக்காது.

முதலில் பாத்திரங்களை அறிமுகம் செய்து வைத்துவிடுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் காரியங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான மூலச் செயலி ஒன்று உண்டு. அதற்குக் 'கெர்னல்' என்று பெயர். கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அந்தப் பருப்பு என்று அர்த்தம். மற்றவை எல்லாம் மேலே இருக்கும் ஓடுதான். லினக்ஸ் என்ற கெர்னல் உலகப் பிரசித்தமானது. 1991-ல் பின்லாந்து தேசத்தில், ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இளைஞர் அதை எழுதத் தொடங்கினார். எழுதியதை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார். இன்று அதில் ஆயிரக்கணக்கானவர்களின் கைவண்ணம் இருக்கிறது. உங்கள் கையில் ஆண்ட்ராய்டு டெலிபோன் இருந்தால், அதற்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கெர்னலுக்கு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். நாவலுக்கு மறுபதிப்பு வந்தால் அச்சுப் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். சில சமயம் பழைய பிழை போய்ப் புதுப் பிழை நுழைந்திருக்கும். கெர்னலிலும் அப்படித்தான்.

2018 ஆகஸ்டு 12-ம் தேதி 4.18 என்ற பதிப்பு வெளிவந்தது. அடுத்த பதிப்பான 4.19 தயாராகிக் கொண்டிருந்த சமயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. கடுமையான வார்த்தைகளுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸ், தம் நடத்தைக்காகச் செப்டம்பர் மாதத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கொண்டு, சில வாரங்கள் வேலையிலிருந்து ஒதுங்கினார். கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்ற சகா பொறுப்பை ஏற்று, அக்டோபர் 22-ம் தேதி 4.19-ஐ வெளியிட்டார். பிறகு வந்த விபத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் விபத்து என்று ஒன்று வந்துவிட்டால், "பெரியவர் இல்லாத வீடு அப்படித்தான்" என்று சொல்ல நாலு பேர் இல்லாமலா போவார்கள்?

இனிக் கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டரில் நீங்கள் சேர்த்து வைக்கும் கடிதங்கள், கலியாணப் போட்டோக்கள், பையனின் ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் டிஸ்க் என்ற கிடங்கில் இருக்கின்றன. எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பவர் எக்ஸ்ட்4. நல்ல குடும்பத்துப் பிள்ளை. கொள்ளுத் தாத்தா 'எக்ஸ்ட்' 1992-ல் பிறந்தார். தாத்தா எக்ஸ்ட்2, 1993-ல். தகப்பனார் எக்ஸ்ட்3, 2001-ல் கெர்னலில் சேர்ந்தார். எக்ஸ்ட்4 வேலையை ஒப்புக் கொண்டது 2008 டிசம்பரில். பத்து வருஷமாக உலகமெங்கும் கோடிக்கணக்கான கிடங்குகளில் நாணயமாக உத்தியோகம் பார்த்தவர். அவருடைய சுபாவத்தில் ஒரு விசேஷம் உண்டு. கணக்கில் சிறு சந்தேகம் வந்தாலும் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "இனிமேல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுத மட்டும் விட மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். பல கம்ப்யூட்டர்களில் அவருக்கு அப்படித்தான் உத்தரவு கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சுபாவமே அவருக்கு வினையாக முடிந்தது.

2018 நவம்பர் 13-ம் தேதி, கெர்னல் பிழைகளை எழுதி வைக்கும் பொதுப் பதிவேட்டில் ஒரு புகார் பதிவாயிற்று. அதன் எண் 201685. 4.19-க்கு மாறிய பிறகு டிஸ்க்கில் கணக்குக் குளறுபடி ஏற்படுகிறது என்பது புகாரின் சாரம். தலைப்பிலேயே எக்ஸ்ட்4 என்ற பெயர் இருந்தது. விசாரணை தொடங்குமுன்பே குற்றப் பத்திரிகையில் பெயர் ஏறிவிட்டது!

ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர் என்று புகார்கள் குவிந்தன. எல்லோருடைய அனுபவமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. யந்திரம் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நிமிஷத்தில் எல்லாம் ஸ்தம்பித்துவிடும். எழுத்தை அழுத்தினால் பதில் இல்லை. கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார் என்று அர்த்தம். எழுத இடம் கிடைக்காத செயலிகள் வாசலில் நின்று கொண்டே இருக்கும். கெர்னலின் தினசரிக் குறிப்பைப் புரட்டினால், "எக்ஸ்ட்4 பிழை" என்ற வரி பளிச்சென்று தெரியும். சிலருக்கு மறுபடி கிளப்பியதும் சரியாகிவிட்டது. சிலருக்குப் பல கோப்புகள் போயே போய்விட்டன.

அகப்பட்டவர்கள் வழக்கமான வைத்தியங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். டிஸ்க் தேய்ந்து போயிற்றா என்று அதன் ஆரோக்கியக் குறிப்பைப் பார்த்தார்கள். டிஸ்க் நன்றாக இருந்தது. ஞாபக சக்தியான 'ராம்' கெட்டுப் போயிற்றா என்று விடிய விடியச் சோதித்தார்கள். அதிலும் குறை இல்லை. கம்பியைக் கழற்றி மாட்டினார்கள். புது டிஸ்க் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. புது டிஸ்க்கிலும் அதே கூக்குரல்! பழைய 4.18-க்குத் திரும்பியவர்களில் பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆகவே குற்றவாளி 4.19-க்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்ற மட்டில் தெளிவாயிற்று. அதற்குள் எங்கே?

எக்ஸ்ட்4-க்குப் பொறுப்பாளர் தியோடர் ட்ஸோ என்பவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பிரசித்தி பெற்ற ஸ்தாபனத்தில் படித்தவர். 1991-லேயே லினக்ஸில் சேர்ந்தவர். வட அமெரிக்காவிலிருந்து கெர்னலுக்கு வேலை செய்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்கு உண்டு. டிஸ்க் கணக்கைப் பரிசோதித்துப் பழுது பார்க்கும் கருவிகளும் அவருடைய பராமரிப்பில் இருப்பவையே. "உங்கள் கணக்குப்பிள்ளை எங்கள் சொத்தை அழித்துவிட்டார்" என்று ஊர் முழுவதும் அவர் வாசலில் வந்து நின்றது.

அவர் என்ன செய்தார்? தம்மிடம் இருந்த சோதனைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தார். பிழை வரவில்லை. மறுபடி ஓட்டினார். அப்போதும் வரவில்லை. தாம் கண்ணால் காணாத நோய்க்கு வைத்தியம் செய்ய வேண்டிய டாக்டரின் நிலை அவருடையது. நோயாளிகளோ நாலா திசையிலும் இருந்து அலறிக் கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே அவர் ஒரு முறை சூடு கண்டவர். 2012 அக்டோபரில், 3.6.2 என்ற பதிப்பில் எக்ஸ்ட்4 கணக்கைக் கெடுக்கிறது என்று ஒருவர் புகார் செய்தார். ட்ஸோ உடனே ஒரு காரணத்தை ஊகித்துச் சொன்னார். செய்தி பரவிற்று. லினக்ஸே சொத்தைத் தின்கிறது என்ற அளவில் பீதி கிளம்பிவிட்டது. சில நாளில் பார்த்தால், அந்த முதல் ஊகம் தவறு. புகார் செய்தவர் மற்றவர்கள் அநேகமாகத் தொடாத விசேஷ ஏற்பாடுகளைச் செய்து வைத்திருந்தார். அதோடு, டிஸ்க் கணக்கை மூடி முடிப்பதற்குள் யந்திரத்தை மறுபடி கிளப்பும் வழக்கமும் அவருக்கு இருந்தது. சாதாரண ஜனங்கள் பயப்பட வேண்டிய காரணமே இல்லை.

அந்தப் பழைய அனுபவத்தினால் ஒருவர் இரண்டு விதமாகக் கெட்டுப் போகலாம். "இதுவும் புரளிதான்" என்று அலட்சியமாக இருக்கலாம். அல்லது பயந்து போய், அகப்பட்டதை எல்லாம் திருத்தத் தொடங்கலாம். ட்ஸோ இரண்டையும் செய்யவில்லை. எந்த யந்திரம், எந்த டிஸ்க், எந்த ஏற்பாடு என்று ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டார். எல்லோருக்கும் பொதுவான அம்சம் எது என்று தேடினார். பொதுவான அம்சம் எதுவும் லேசில் அகப்படவில்லை. தம் பிள்ளை குற்றமற்றவன் என்று சத்தியம் செய்வது சுலபம். அவர் சத்தியம் செய்யாமல் சாட்சியம் தேடினார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் கதையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. இசட்.எஃப்.எஸ். என்று வேறொரு கணக்கு முறை உண்டு. எக்ஸ்ட்4-க்கும் அதற்கும் உறவு கிடையாது. வேறு குலம், வேறு கோத்திரம். அதை வைத்திருந்தவரிடமிருந்தும் 4.19-ல் கணக்குத் தப்புகிறது என்று செய்தி வந்தது. இரண்டு வெவ்வேறு கணக்குப்பிள்ளைகள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே புகாரைச் சொன்னால் என்ன அர்த்தம்? இருவருக்கும் கீழே, இருவருக்கும் பொதுவாகச் சரக்கு ஏற்றி வரும் வண்டியில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? சந்தேகத்தின் முகம் மெதுவாகக் கீழ்த்தளத்தை நோக்கித் திரும்பியது.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. 4.18-க்கும் 4.19-க்கும் நடுவில் செய்யப்பட்ட திருத்தங்கள் சுமார் 14,000. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதென்றால் ஆயுள் போதாது. இங்கே கைகொடுத்தது குழந்தைகள் விளையாடும் ஒரு விளையாட்டு.

"மனத்தில் ஒரு எண் நினைத்துக் கொள். 16,000-க்குள் இருக்கட்டும்" என்கிறீர்கள். பிறகு, "அது 8,000-க்கு மேலா, கீழா?" என்று கேட்கிறீர்கள். கீழே என்றால், "4,000-க்கு மேலா, கீழா?" இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் பாதி கழிந்து போகும். பதினாலே கேள்வியில் எண்ணைப் பிடித்துவிடலாம். கெர்னல் திருத்தங்களும் அப்படியே. எல்லாத் திருத்தங்களும் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. 2005-ல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்ற பதிவு முறையில் இந்தப் பாதி பாதியாகக் கழிக்கும் வேலைக்கென்றே ஒரு கட்டளை உண்டு. 'பைசெக்ட்' என்று அதற்குப் பெயர். நடு இடத்தில் நிறுத்தி ஒரு கெர்னல் தயார் செய்து ஓட்டிப் பார். பிழை வந்தால் முன்பாதியில் தேடு. வராவிட்டால் பின்பாதியில் தேடு.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் எண் நினைத்த குழந்தை உடனே பதில் சொல்லும். இந்தத் திருடன் சொல்ல மாட்டான். ஒரு மணி நேரத்தில் வரலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம். வரவில்லை என்றால் நிஜமாகவே இல்லையா, அல்லது இன்னும் வரவில்லையா? ஒரே ஓரிடத்தில் "இல்லை" என்று தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால், மீதித் தேடல் முழுவதும் தப்பான தெருவில் நடக்கும். ஆகவே, முதலில் திருடனை விரும்பியபோது வரவழைக்க ஒரு வழி தெரிய வேண்டும்.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் பெரிய உத்தியோகஸ்தர் அல்ல. புகார் செய்தவர்களில் ஒருவர். பிழையைத் தவறாமல் தலைகாட்டச் செய்யும் ஒரு முறையை அமைத்துக் கொண்டு, கெர்னலை ஒவ்வொன்றாகத் தயார் செய்வதும், ஓட்டுவதும், பார்ப்பதும், பாதியைக் கழிப்பதுமாக அவர் பொறுமையுடன் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் 14,000-ல் ஒன்று மிஞ்சியது. அது எக்ஸ்ட்4-ல் செய்த திருத்தம் அல்ல. கணக்குப்பிள்ளைக்கும் கிடங்குக்கும் நடுவே சரக்கு அனுப்பும் இலாகாவில் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம்.

இப்போது வண்டிக் கதையைச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை ஒரு சரக்கு வேண்டும் என்றால் நேரே கிடங்குக்குப் போக மாட்டார். அனுப்பும் குமாஸ்தாவிடம் ஆர்டர் கொடுப்பார். குமாஸ்தா அதை வண்டிக்காரனிடம் கொடுப்பார். வண்டிக்காரன் கிடங்கிலிருந்து எடுத்து வந்து குறித்த இடத்தில் இறக்குவான். பழைய நாளில் எல்லா ஆர்டருக்கும் ஒரே வரிசை. டிஸ்க் வேகமாக வேகமாக, ஒற்றை வரிசை போதவில்லை. ஜென்ஸ் ஆக்ஸ்போ என்ற நிபுணரின் தலைமையில் பல வரிசை முறை ஏற்பட்டது. 2014 ஜனவரியில் வந்த 3.13-ம் பதிப்பில் அது கெர்னலில் நுழைந்தது. வீடுகளில் இருக்கும் சாதாரண டிஸ்க்குகள் 'ஸ்கஸி' என்ற வண்டிக்காரன் வழியாகவே வேலை வாங்குகின்றன. அவனுக்கு இந்தப் புது முறை விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இருந்தது. 4.19-ல்தான் கேட்காமலே கிடைக்கும் ஏற்பாடு ஆயிற்று.

அதே 4.19-ல் இன்னொரு சலுகை. ஆர்டர்களை ஒழுங்கு படுத்தும் மேஸ்திரி யாரும் வேண்டாம் என்று வைத்திருப்பவர்களுக்கு, "வண்டி சும்மா இருந்தால், வரிசையில் நிறுத்தாமல் ஆர்டரை நேரே வண்டிக்காரன் கையில் கொடுத்துவிடலாம்" என்று ஒரு திருத்தம் செய்தார்கள். நேரம் மிச்சம். நல்ல எண்ணத்துடன் செய்த காரியம்தான். பைசெக்ட் சுட்டிக் காட்டியது இதைத்தான்.

இனி நடந்ததைப் பாருங்கள். எட்டு மூட்டைக்கு ஆர்டர் வருகிறது. குமாஸ்தா நேரே வண்டிக்காரனிடம் கொடுக்கிறார். வண்டிக்காரன் "எட்டு மூட்டை, இன்ன இன்ன இடத்தில் இறக்க வேண்டும்" என்று சீட்டு எழுதி இடுப்பில் செருகிக் கொள்கிறான். கிடங்கு வாசலில் போய்ப் பார்த்தால், "இப்போது கை ஒழியவில்லை, பிறகு வா" என்கிறார்கள். ஆர்டர் திரும்பி வருகிறது. குமாஸ்தா அதை வரிசையில் வைக்கிறார். சற்று நேரத்தில் அடுத்த எட்டு மூட்டைக்கு வேறொரு ஆர்டர் வருகிறது. பக்கத்துப் பக்கத்து மூட்டைகளாயிற்றே, இரண்டு நடை எதற்கு என்று குமாஸ்தா இரண்டையும் சேர்த்து, பதினாறு மூட்டை என்று தம் குறிப்பில் திருத்திக் கொள்கிறார். இதுவும் நியாயமான, வெகு நாளைய வழக்கம்.

ஆனால் வண்டிக்காரன் இடுப்பில் இருக்கும் சீட்டு? அதில் எட்டு என்றுதானே எழுதியிருக்கிறது! வாசல் திறந்ததும் அவன் சீட்டைக் காட்டி எட்டு மூட்டை எடுத்து வந்து இறக்குகிறான். "ஆர்டர் முடிந்தது, ஐயா" என்கிறான். குமாஸ்தா பதினாறுக்கும் டிக் அடிக்கிறார். மீதி எட்டு மூட்டைக்கான இடத்தில் முன்பு யாரோ போட்டுவிட்டுப் போன குப்பை அப்படியே கிடக்கிறது.

கணக்குப்பிள்ளையின் பேரேடுகளும் அந்தக் கிடங்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கேட்டார். வந்துவிட்டது என்று சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் குப்பை. கூச்சல் போடாமல் என்ன செய்வார்?

ஆக்ஸ்போ தம் திருத்தத்துக்கு எழுதிய விளக்கத்தில் அப்படிப்பட்ட கூச்சல் ஒன்றை உதாரணமாகக் கொடுத்திருக்கிறார். 256 பைட் மட்டுமே பிடிக்கும் ஒரு பதிவில், உபரி அளவு 24,937 என்று போட்டிருந்ததாம். காற்படி உழக்குக்குள் ஒரு வண்டி நெல் இருக்கிறது என்பது போல! எனக்கு அந்த எண்ணின் மேல் ஓர் ஆசை விழுந்தது. கம்ப்யூட்டர் எழுத்துக்களை எண்களாகத்தான் வைத்துக் கொள்கிறது. 24,937-ஐ அந்த முறைப்படி இரண்டு பைட்டாகப் பிரித்தால், 'ஐ', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் வருகின்றன. எங்கேயோ, யாரோ எழுதிய ஏதோ ஒரு சொல்லின் துண்டு, கணக்குப் பேரேட்டில் வந்து உட்கார்ந்திருந்தது போலும்! கணக்குப்பிள்ளை அதை எண் என்று படித்து மிரண்டு போனார்.

2018 டிசம்பர் 4-ம் தேதி ஆக்ஸ்போ திருத்தத்தை வெளியிட்டார். வண்டிக்காரன் ஒரு முறை சீட்டு எழுதிவிட்டால், அந்த ஆர்டருடன் வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். இரண்டொரு நாளில் அதை இன்னும் செம்மைப்படுத்தி, திரும்பி வந்த ஆர்டரைத் தனியாக ஓரிடத்தில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். டிசம்பர் 8-ம் தேதி வந்த 4.19.8 பதிப்பில் திருத்தங்கள் சேர்ந்தன. கூக்குரல் அடங்கிற்று.

குற்றவாளி யார் என்று இப்போது சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை பொய் சொல்லவில்லை. குமாஸ்தா வழக்கப்படி ஆர்டர்களைச் சேர்த்தார். வண்டிக்காரன் சீட்டில் உள்ளதைக் கொண்டு வந்தான். நேரம் மிச்சப்படுத்தச் சொன்னவர் நல்லதையே நினைத்தார். எல்லோரும் யோக்கியர்கள்! ஆனால் ஒருவர் செய்து முடித்ததை மற்றவர் அறியவில்லை. இரண்டு யோக்கியர்களுக்கு நடுவில் இருந்த ஒரு விரற்கடை இடைவெளியில் திருடன் குடியிருந்தான். கூட்டுக் குடும்பங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ரகத்தைச் சேர்ந்தவை என்று நாவல் எழுதுகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தப் பிழை ட்ஸோவின் சோதனைகளில் ஏன் தலைகாட்டவில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. ஸ்கஸி வண்டிக்காரன், மேஸ்திரி இல்லாத ஏற்பாடு, கிடங்கு வாசலில் நெருக்கடி, பக்கத்துச் சரக்குக்கு உடனே அடுத்த ஆர்டர் ஆகிய எல்லாம் ஒரே சமயத்தில் கூடி வர வேண்டும். பல வீடுகளில் மேஸ்திரி இருந்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. "எனக்கு வரவில்லையே, உனக்கு எப்படி வரும்?" என்று கேட்பது எவ்வளவு தவறு!

அகப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து சில பாடங்களையும் எடுத்துக் கொள்ளலாம். யந்திரம் ஸ்தம்பித்து, டிஸ்க் பிழை என்று கூவினால், நமக்கு முதலில் தோன்றுவது பழுது பார்க்கும் கருவியை ஓட்டுவதுதான். 4.19 விஷயத்தில் அது ஆபத்து. பழுது பார்ப்பவரும் அதே வண்டிக்காரன் கொண்டு வந்த குப்பையைத்தான் படிப்பார். குப்பையை நிஜம் என்று நம்பி, கிடங்கில் சரியாக இருக்கும் பேரேட்டைத் 'திருத்தி' எழுதிவிட்டால் பிறகு மீட்சி ஏது? படிக்கும்போது நேர்ந்த தப்பு அதோடு போய்விடும். எழுதிய தப்பு நிலைத்துவிடும். ஆகவே முதற்காரியம் பழைய கெர்னலுக்குத் திரும்புவது. லினக்ஸில் பழைய பதிப்பை அநேகமாக விட்டு வைத்திருப்பார்கள். கிளம்பும்போது பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். நம்பிக்கையான கெர்னலில் நின்று கொண்டு முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துவிட வேண்டும். பரிசோதனை, பழுது எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்று: ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கம்பியையும், டிஸ்க்கையும், கெர்னலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது" என்றால் எது சரியாக்கிற்று என்று எப்படித் தெரியும்? மூன்று வைத்தியரிடம் ஒரே நாளில் மருந்து வாங்கிச் சாப்பிட்டவனின் கதைதான்.

பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு மாதமும் அலுத்துக் கொண்டார்கள். எடுத்து வைக்காதவர்கள் அழுதார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை உலகம் ஒரேயடியாகக் கற்றுக் கொண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஐந்து வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், லினக்ஸைத் தொகுத்து அளிக்கும் டெபியன் என்ற ஸ்தாபனம் 12.3 என்ற பதிப்பை வெளியிட இருந்தது. அதில் சேர்த்திருந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்புகள் கெடுகின்றன என்று தெரிய வந்ததும், 9-ம் தேதி வெளியீட்டை நிறுத்தி வைத்தார்கள். மறுநாளே திருத்திய கெர்னலுடன் 12.4 வெளிவந்தது. காரணம் என்ன? புதுக் கெர்னலில் செய்த ஒரு நல்ல திருத்தத்தைப் பழைய கெர்னலுக்கும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய துணைத் திருத்தத்தைக் கொடுக்க விட்டுவிட்டார்கள். மறுபடியும் இரண்டு யோக்கியர்கள், நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி! ஆனால் இந்தத் தடவை கூவியவரை யாரும் சூழ்ந்து கொள்ளவில்லை. கூவல் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். அந்த மட்டில் மனித சமூகம் முன்னேறித்தான் இருக்கிறது.

அவ்வளவு அபவாதம் கேட்ட 4.19 என்ன ஆயிற்று என்று அறிய ஆவலாயிருப்பீர்கள். அது நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்புகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10 அதைத்தான் தாங்கி வந்தது. வாரா வாரம் திருத்தங்கள் பெற்று, 2024 டிசம்பரில் ஓய்வு பெறும் வரை ஆறு வருஷம் சேவை செய்தது. சிறு வயதில் போக்கிரி என்று பெயரெடுத்த பையன், பிற்காலத்தில் குடும்பத்தையே தாங்கியது போல.

எக்ஸ்ட்4 அதே உத்தியோகத்தில்தான் இருக்கிறார். இன்றைக்கும் கணக்கில் சந்தேகம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கூச்சல் போடுகிறார். உங்கள் யந்திரத்தில் ஒரு நாள் அந்தக் கூச்சல் கேட்டால், அவர் மேல் கோபித்துக் கொள்ளாதீர்கள். லாந்தரை எடுத்துக் கொண்டு அவர் கை காட்டும் திசையில் போய்ப் பாருங்கள்.